எடுத்துக் கொடுக்கிற குரல்

இந்த வண்டி இங்கேயே நின்று போனால் தேவலை. டயர் வெடிக்கட்டும். டிரைவர் வழி தப்பட்டும். அந்த ஊருக்குள் மட்டும் போக வேண்டாம்...

அவள் நினைத்தது அவ்வளவுதான். மதியம் திரும்பி மூன்றரை இருக்கும். இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

“அவங்க மனசுல நெனச்சது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்றாள் எங்கள் விடுதியின் வாயாடி.

மகளிர் விடுதியின் மாடிப்படியில் நாங்கள் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. சொல்லிக்கொண்டிருந்தவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விடுதியில் எல்லாருக்கும் லேப் அக்கா.

“என் சிநேகிதியோட பெரியம்மா பொண்ணுக்கு நடந்தது. அவங்க வாயால சொன்னது. வாய மூடிக்கிட்டுக் கேட்டா சொல்றேன். இல்லன்னா போய்ப் படு.”

“இந்த இருட்டுலயா? நீங்க சொல்லுங்க.”

லேப் அக்கா சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பெண் பிறந்த ஊர் அது. அப்பாவின் காரியம் முடிந்த பிறகு அவள் அங்கே கால் வைக்கவில்லை. இப்போது அவளுடைய நாத்தனார், தன் குடியிருப்புப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேன் பிடித்திருந்தாள். சின்ன ஊர், பழைய ஊர், பார்க்க நிறைய இருக்கிறதாம். மணிக்கூண்டு பார்த்தார்கள். பொது வாசகசாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குளத்தோரப் பூங்காவில் ஊஞ்சல் ஆடினார்கள். கடைசியாக நாடகக் கொட்டகை. ஊரிலேயே பழைய கட்டிடம். பழுது பார்த்து, சாயம் பூசி, சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“எங்க அண்ணியோட அப்பா இங்க பெரிய நடிகர்” என்று நாத்தனார் வேனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். “நாங்கதான் கூட்டத்தோட கூட்டமா வந்து பாக்குறோம். அண்ணிக்கு இது சொந்த வீடு மாதிரி.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா நடிகர் இல்லை. மேடையின் முன் விளிம்பில் ஒரு குழி இருக்கும். அதன்மேல் ஆமை ஓடு மாதிரி ஒரு மரமூடி. அதற்குள் தலை மட்டும் எட்டும்படி உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகிற வசனத்தைக் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பார். அதுதான் அவர் வேலை. தொண்டை கரகரத்தால் நாடகம் கெட்டுவிடும் என்று எப்போதும் வாயில் அதிமதுரத் துண்டு. வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் நூலாம்படை. கைதட்டல் கேட்கும்போது அவர் முதுகு வளைந்து குழிக்குள்தான் இருப்பார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோது அவள் சொன்னது, “அப்பா நாடகத்துல இருக்கார்.” பொய் இல்லை. அவர்களாக நடிகர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது, திருத்தாமல் இருந்தது. அது ஒரு குற்றமா என்று தன்னையே பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முகம் சூடாகும்.

கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒரு வசனம் சொல்லுங்களேன், கேப்போம்.” அப்பா அவளைப் பார்த்தார். அவள் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து நின்று ராஜா வசனம் ஒன்றைச் சொன்னார். காலமெல்லாம் கிசுகிசுத்தே பழகிய குரல் அது, முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. “அடக்கம்னா இப்படி இருக்கணும்” என்று எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவருக்கு விழுந்த ஒரே கைதட்டல். அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்கு அதிகம் வரவில்லை. வந்தாலும் வாசலோடு போய்விடுவார். பேச்சு நீண்டால் தன் வாயிலிருந்து உண்மை வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

“ஐயோ பாவம்” என்றாள் வாயாடி. “பேய் எப்பக்கா வரும்?”

“வந்துட்டுதான் இருக்கு. பேசாம இரு.”

கொட்டகைக்குள் புதுச்சாயத்தின் நெடி. அதற்கு அடியில் பழைய மரத்தின் ஈர வாசனை. காப்பாளர் ஒரு பெரியவர். விளக்கைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார். மேடை விளிம்புக்கு வந்ததும் காலால் தரையைத் தட்டினார். அந்த இடத்தில் மட்டும் பலகை இல்லை, வட்டமாகச் சிமெண்டு.

“வசனம் எடுத்துக் குடுக்கிறவருக்கு இங்க ஒரு குழி இருந்துச்சும்மா. ஒரு டான்ஸ்காரம்மா கால் உள்ள போயி ஒடிஞ்சிடுச்சு. மண்ணும் ஜல்லியும் போட்டு மூடியாச்சு.”

“பொந்துக்குள்ள ஒரு மனுஷனா? பெருச்சாளி மாதிரியா?” என்றாள் வேனில் வந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவளுக்குத் தெரிந்தது.

நாத்தனார் அவள் தோளைப் பிடித்து மேடைப்படியில் ஏற்றிவிட்டாள். “ஏறுங்கண்ணி. அப்பா நின்ன இடத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுப்போம். ஐயா, இவங்கப்பா இங்க நடிச்சவரு.”

காப்பாளர் முகம் மலர்ந்தது. “அப்படியா? எந்தக் குழு? நான் அரை டிராயர் போட்ட காலத்துலேர்ந்து இங்கதான் கெடக்கேன். எல்லா முகமும் தெரியும்.” பக்கச் சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட படங்கள் வரிசை வரிசையாக. கிரீடம், வாள், மீசை, பொட்டு. “இதுல எதும்மா உங்கப்பா?”

எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபது முகம் அவளையே பார்க்கிறது. நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மேடை விளக்கு மட்டும் எரிகிறது. சூடேறிய பல்பில் தூசி கருகும் வாசனை.

அப்போது... அதிமதுர வாசனை.

காலடியில் யாரோ மூச்சு இழுத்தார்கள். மெதுவாக, பேசப் போகிறவர் இழுக்கிற மாதிரி.

“ரெண்டாவது...”

அவள் அசையவில்லை. அந்த முறை அவளுக்குத் தெரியும். முதலில் ஒரு வார்த்தை மட்டும் கொடுப்பார்கள். நடிகர் பிடித்துக்கொள்ளாவிட்டால் பாதி வரி. அதற்கும் விழித்தால்தான் முழு வரி.

“ரெண்டாவது வரிசையில...”

சிமெண்டு வட்டத்திலிருந்துதான். இறுகிய மண்ணுக்கு அடியிலிருந்து. பதற்றமே இல்லாத, பொறுமையான குரல்.

“ரெண்டாவது வரிசையில மூணாவது படம். மீசைக்காரர். அவருதான் எங்கப்பான்னு சொல்லு பாப்பா.”

அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அந்த மீசைக்காரரை அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்தவர். பிள்ளைகுட்டி கிடையாது. வந்து மறுக்க யாருமில்லை. அப்பா யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பயம் பிறகுதான் வந்ததாம். அந்த நேரத்தில் வந்தது வேறு. அவள் உதடு ஏற்கெனவே ‘ரெண்’ என்று திறந்திருந்தது. கை அந்தப் படத்தை நோக்கிப் பாதி உயர்ந்திருந்தது. செத்த பிறகும் மனுஷனைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன், மண்ணைப் போட்டு மூடிய பிறகும்... என்று நினைத்தாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அண்ணி” என்றாள் நாத்தனார் கீழேயிருந்து. அவள் குரல் மாறியிருந்தது. “யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது?”

காப்பாளர் சிமெண்டு வட்டத்தைவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

மாடிப்படியில் யாரோ என் முழங்கையை இறுகப் பிடித்தார்கள்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். சுற்றிலும் இருந்த பலகை சில்லென்று இருந்தது. அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பு, ஆள் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

“அந்தப் படத்துல எங்கப்பா இல்ல” என்றாள். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு அடியில் ஒரு தாள் புரண்டது. இன்னொன்று புரண்டது. தேடுகிற மாதிரி. நின்றது. மறுபடி மூச்சு இழுக்கிற சத்தம்.

“நாலாவது...”

“வேணாம்ப்பா” என்றாள் அவள். “இனி அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேன்.”