அவிக்க வைத்த பாட்டில்

1. காலையில் கோட்டுச்சேரியில் காரைக்கால் பேருந்தில் ஏறினேன்.
2. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் மருத்துவமனை ஆய்வக அடையாள அட்டை.
3. இளையவள் சொன்னாள்: "அந்த ஈஸ்ட் பூஞ்சையை நானே அவிச்சுக் கொன்னுட்டேன்க்கா."

மூத்தவர் திரும்பினார். "எந்த ஈஸ்ட்டு?"

"கொறமாசக் கொழந்தை ரத்தத்துல வளந்துச்சே, அதான். அது என்ன வகைன்னு மெஷினுக்குச் சொல்லத் தெரியல. வெளிலேந்து விழுந்த அழுக்குன்னு நெனச்சு, அது வளந்த தட்டை, கிருமியெல்லாம் ஆவில அவிச்சுக் கொல்ற ஆட்டோகிளேவ்ல போட்டுட்டேன்."

"ரத்தத்துல ஈஸ்ட் வந்தா அழுக்குன்னு விடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"குடுக்குற மருந்துல கொழந்தை தேறலயாம். எந்த மருந்து கேக்கும்னு டாக்டர் கேக்குறாரு. சோதிச்சுப் பாக்க ஈஸ்ட் இல்லக்கா."

"ரத்தம் எடுத்த பாட்டில்லயும் ஈஸ்ட் இருக்குமே, அந்தப் பாட்டில் எங்க? அதையும் அவிச்சுட்டியா, மகராசி?"

"அவிக்க வச்சிருக்கேன். காலைல வந்ததும் அட்டெண்டர் குமாரண்ணன் போட்டுருவாரு, இந்நேரம் வந்திருப்பாரு."

மூத்தவர் உடனே போன் செய்தார். "குமாரு, ஆட்டோகிளேவ நிறுத்துங்க. உள்ள இருக்குற ரத்தப் பாட்டில வெளிய எடுங்க. சூடு ஏறிருச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

இளையவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏறலயா? சரி, தனியா வைங்க. வந்துடுறோம்."

பேருந்து நிலையத்தில் இருவரும் இறங்கி ஓடினார்கள். பாட்டில் தப்பிவிட்டது. அதிலிருந்து ஈஸ்ட் மறுபடி வளர வேண்டும். அதுவரை குழந்தைக்கு எந்த மருந்து கேட்கும் என்று யாருக்கும் தெரியாது.