பந்து சாய்ந்த பக்கம்

ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணிக்கு இஸ்திரி போடுவது சட்டைக்குப் போடுவதைவிடச் சுலபம். காலர் கிடையாது, பொத்தான் கிடையாது, ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேசையை இறக்குவது, பூட்டுவது, மட்டம் பார்ப்பது, துணி இழுத்துக் கட்டுவது, இஸ்திரி போடுவது, இதுதான் ஐயா என் பிழைப்பு. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு நரை விழுந்த பிறகுதான் எழுத்து வந்தது. கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கற்றுக்கொடுத்தவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. தொழிலிலும் என் கூடவே இருந்தவன். அவனிடம் பாடப் புத்தகம் ஏதும் இல்லை. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை என் முன்னால் விரித்து, 'அரையிறுதி ஒரு முன்னோட்டம்' என்கிற இடத்தில் விரலை வைத்து, "இத வாசிங்க மாமா" என்பான். அதனால் எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் முன்னோட்டம்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விஷயமும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் அரையிறுதியில் இடதுகையனும் தூங்குமூஞ்சியும் மோதுகிறார்கள். இவை எங்களைப் போன்ற வேலையாட்கள் வைத்த பெயர்கள். இடதுகையன் வேகக்காரன். முதல் சிவப்புப் பந்து பையில் விழுந்துவிட்டால், அப்புறம் எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். தூங்குமூஞ்சி நேர் எதிர். குனிவான், நிமிர்வான், மறுபடி குனிவான். கடைசியில் வெள்ளைப் பந்தை மெதுவாக உருட்டி வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வான். மெதுவாக உருட்டுகிறவனுக்கு மேசை துல்லியமான மட்டத்தில் இருக்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் அவன் பிழைப்பு போச்சு. வேகமாக அடிக்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

இரண்டாவது அரையிறுதியில் கண்ணாடிக்காரரும் குண்டரும். கண்ணாடிக்காரர் ஜெயிப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத விஷயத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

காலிறுதி வரை அரங்கத்தில் இரண்டு மேசைகள் இருக்கும், நடுவில் ஒரு தடுப்பு. ஒன்று என் பொறுப்பு, மற்றது அவன் பொறுப்பு. அரையிறுதிக்கு ஒரே மேசைதான். தடுப்பை அகற்றி, ஒரு மேசையைப் பிரித்து வெளியே கொண்டுபோய்விட்டு, மற்றதை நடு மேடையில் ஏற்றிவிடுவார்கள். பிரித்தது என் மேசையை.

போட்டியை நடத்தும் மேலாளரம்மா பக்குவமாகத்தான் சொன்னார். "அண்ணே, அரையிறுதிக்கு உங்க மச்சினன் உள்ள இருக்கட்டும். நீங்க பயிற்சி ரூம் மேசைய பாத்துக்கங்க. டிவில வர்றது பாருங்க, அவரு கொஞ்சம் பளிச்சுனு இருப்பாரு."

உள்ளே நிற்கிறவருக்குக் கறுப்பு அரைக்கோட்டு ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் அதைப் போட்டுக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, துணியைப் பிரஷ்ஷால் தடவிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் என் மனைவி, தம்பி டிவியில் வரப்போகிறான் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, "நீங்களும் ஓரமா எங்கயாவது தெரிவீங்களா?" என்று கேட்டாள். அதிலும் எனக்கு வருத்தமில்லை.

சந்தேகம் வந்தது வேறு இடத்தில். அந்த வாரம் முழுக்க என் மச்சினனுக்கு இருமல். ஆட்டக்காரர்கள் வந்து போகிற நடையில் நின்று இருமிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாக வந்த இடதுகையன் அவன் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்திவிட்டுப் போனான். இவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பினால் நான் நிற்கிறேன். சிரித்தான். அது திருட்டுச் சிரிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மடியில் கனமில்லாதவன் என்னைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்?

அரையிறுதி அன்று காலை. மேசை நடு மேடையில் நிற்கிறது. அவன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு காலுக்குக் கீழே அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டிருந்தான். மட்டத்துக்கு அட்டை வைப்பது எல்லாரும் செய்வதுதான். எந்தக் காலுக்கு வைக்கிறான் என்பதுதான் கேள்வி. நான் ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து மெதுவாக உருட்டினேன். நேராகப் போன பந்து, வேகம் குறைந்ததும் இடது மூலைப் பக்கம், நான் நின்ற பக்கம், சாய்ந்தது. மறுபடி உருட்டினேன். மறுபடியும் சாய்ந்தது.

"மாப்ளே, பந்து இடது பக்கம் சாயுது."

அவன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். என் காலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நீங்க நிக்கிற பக்கந்தான் மாமா சாயுது. இது மேடை, கீழ வெறும் பலகை. உங்க தொந்திக்குப் பலகை இறங்குது. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

சுமை தூக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், "அண்ணன உள்ள விட்டா ஆட்டமே ஒரு பக்கமா போயிரும் போலிருக்கே" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். செய்கிறதையும் செய்துவிட்டுப் பலகை மேல் பழியைப் போட்டால், பலகையா வந்து வாய் திறக்கப் போகிறது?

சிரித்த இருவரும் டீ குடிக்கப் போனார்கள். என் மேசையின் கல் ஒன்று மட்டும் வெளியே போக வேண்டியிருந்தது. மேசைத் துணிக்கு அடியில் இருக்கிற சிலேட்டுக் கல்லைச் சொல்கிறேன். ஒரு துண்டைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அது தள்ளுவண்டியில் குத்துக்கல்லாக நின்றது. இருபுறமும் ஆள் பிடித்துக்கொண்டுதான் தள்ள வேண்டும்.

"வாங்க மாமா, அவனுங்க வர்றதுக்குள்ள நாமளே தள்ளிரலாம்" என்றான்.

மேடை ஓரத்துச் சரிவில் வண்டிச் சக்கரம் தரைவிரிப்பில் சிக்கிக்கொண்டது. "கெட்டியா புடிச்சுக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டு, மண்டியிட்டு விரிப்பை விடுவிக்க ஆரம்பித்தான். கல் அவன் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. நான் கெட்டியாகவே பிடித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எதுவும் செய்யவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுத்துத்தான் கேட்டேன்.

"மாப்ளே, அந்த அட்டைய எடுத்துர்றியா?"

"எந்த அட்ட?"

"கால்ல வச்ச அட்ட."

இருமினான். "அட, நீங்க இன்னும் அதையா நெனச்சுக்கிட்டிருக்கீங்க? விடுங்க மாமா. அது அப்படியே இருக்கட்டும். மேசை சரியாத்தான் இருக்கு."

நான் கையை எடுத்தேன். தள்ளவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். தள்ளவில்லை. கல் தன் பாட்டுக்குப் போயிற்று.

விரிப்பு இருந்ததால் பெரிய சத்தமில்லை. நெஞ்சு வரை கல்லுக்கு அடியில் இருந்தான். "மாமா" என்றான். அடுத்த தடவை பாதி வார்த்தைதான் வந்தது. நான்கு பேர் தூக்குகிற கல்லை நான் ஒருவனாகத் தூக்க முடியாது. தூக்க முடியாத இடத்தில் நின்று என்ன பயன்? மேசையிடம் போனேன்.

அட்டையைப் பிடுங்கும் முன், அவனுக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று இன்னொரு முறை சோதித்துப் பார்த்தேன். இடது பக்கம் நின்று உருட்டினேன், பந்து இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் போய் நின்று உருட்டினேன், வலது பக்கம் சாய்ந்தது. தலைமாட்டில் நின்று உருட்டினேன், என்னிடமே வந்து நின்றது. எவ்வளவு தந்திரமாக அட்டை வைத்திருந்தால் பந்து இப்படி ஆளைப் பார்த்து மாறி மாறிச் சாயும் என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். என் விரல் பட்ட இடத்தில் துணி கலைந்திருந்தது. பிரஷ் எடுத்துத் தடவிவிட்டேன். அதுவரை இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

டீக்கடையில் அந்த இரண்டு பேர் கையிலும் டம்ளர் பாதி நிறைந்திருந்தது. அவர்கள் குடித்து முடிக்கட்டும் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகுதான் சொன்னேன், கை வழுக்கிவிட்டது என்று.

நீங்கள் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஐயா. உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். அவன் சட்டைப் பையில் இருந்தது இருமல் மாத்திரையாம். ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்து, அதே மேசையில், நான் பிடுங்க மறந்துபோன அதே அட்டையோடு நடத்தினார்களாம். வெளியூரிலிருந்து வந்த ஆள் மட்டம் பார்த்து, குறையொன்றும் இல்லை என்றானாம். இடதுகையன் தோற்றுவிட்டான், தூங்குமூஞ்சி ஜெயித்தான். என்னைக் கேட்டால், நான் செய்தது வீண்போகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இருமலுக்கு மாத்திரை கொடுக்கிறவனும் சும்மா கொடுப்பானா?

நேற்று என் மனைவி வந்தாள். அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கை வழுக்கிருச்சு, அதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் காகிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம், ஐயா. அவளுக்கும் வாசிக்கத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அவன் சொல்லிக்கொடுத்தான்.

என் மச்சினனைக் கொன்றது நான்தான். அரையிறுதி நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். மேலாளரம்மா நினைக்கிற மாதிரி அந்தக் கறுப்புக் கோட்டுக்காக இல்லை. அது நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். தோள் கச்சிதமாக இருந்தது. வயிற்றுப் பக்கம்தான் பொத்தான் எட்டவில்லை.