நந்தியாவட்டைப் புழு

– கால எடுங்க, கால எடுங்க! மிதிச்சிடாதீங்க!

– அம்மாடி! பாம்புக் குட்டியாங்க? நீலக் கண்ணால மொறைக்குது!

– அது கண்ணு இல்ல, புள்ளி. குருவிங்கள பயமுறுத்துறதுக்கு. இது வெறும் புழு. எங்க நந்தியாவட்டைய மொட்டையடிச்சதே இதான். நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு, இன்னிக்கு பழுப்பாயிடுச்சு. கூடு கட்ட மண்ணுக்கு எறங்குது.

– அப்ப இப்பிடி ஓரமா வுட்டுடுறேன். போ ராசா, போ. ஏங்க, நான் வந்து கை கழுவ...

– உஷ்! அந்தக் குச்சியப் பாருங்க. முன்னாடி கூடு கட்டுனது, இப்பத்தான் வெளிய வந்துச்சு. றெக்கை காயணும்.

– அட, பச்சைப் பட்டாம்பூச்சி!

– பட்டாம்பூச்சி இல்ல, அந்துப்பூச்சி. மீசையப் பாருங்க, நுனியில குண்டு இல்ல. பொழுது சாஞ்சாத்தான் பறக்கும், இன்னும் கொஞ்ச நேரந்தான். எங்க ஸ்கூல் கன்னியாஸ்திரி, மாசேர், கிளாஸ்ல 'பாப்பியோன் த நுய்'ம்பாங்க. ராத்திரிப் பட்டாம்பூச்சின்னு பிரெஞ்சுல.

– அந்துன்னா துணிய அரிக்குமேங்க?

– அது வேற சாதி. இது பூவுல தேன் குடிக்கும். தப்பா நெனைக்காதீங்க தனிஸ்லாஸ், காப்பி குடுக்குறப்ப ஒங்க மூஞ்சியக்கூட நான் பாக்கல. தரையத்தான் பாத்தேன்.

– அதில்லீங்க, நான் ஒண்ணு சொல்லிடுறேன்...

– இருங்க, நான் மொதல்ல சொல்லிடுறேன். போன மாசம் பொண்ணு பாக்க வந்தவரு இதுல ஒண்ண ஷூவால நசுக்கிட்டு சிரிச்சாரு. வேணாம்னுட்டேன். அம்மா இன்னும் மொகம் குடுத்துப் பேசல. இன்னிக்கும் வேணாம்னா இந்த வூட்ல நான் இருந்தாப்லதான். அய்யோ, பல்லி! செவுத்துல பல்லி, பூச்சியப் புடிச்சிடும்!

– ச்சூ! ஓடு! பயப்படாதீங்க, நான் கைய குறுக்க வச்சுக்கிட்டு நிக்கிறேன். காயுற வரைக்கும் நிக்கிறேன்.

– வெள்ளச் சட்டையெல்லாம் செவுத்துப் பாசி.

– ஆவட்டும்ங்க. யோவ் பல்லி, வேற எடம் பாரு.

– பறந்துடுச்சு! பாத்தீங்களா? பறந்துடுச்சு!

– அடியே லினெட்! மாப்பிள்ள வூட்ல பதில் கேக்குறாங்க. புடிச்சிருக்கா இல்லியா? அம்மாகிட்ட வாயத் தொறந்து சொல்லு!

– புடிச்சிருக்கும்மா!

– மாதாவே! என் வயித்துல பால வாத்தடி!

– ஏங்க, எனக்குந்தான் புடிச்சிருக்கு. ஆனா தனிஸ்லாஸ் வாசல்ல செல்போன் பேசிக்கிட்டிருக்கான். நான் அவன் ஃபிரெண்டு கோபிநாத், கை கழுவ வந்தேங்க.