ஆனெட்டுக்கு வந்த அழைப்பு

— அந்தப் பீப்பாயை இப்ப மூடாதீங்க வெண்டெல், மலாவிக்குப் போற போர்வை இன்னும் ரெண்டு வெளியில கெடக்கு. ஐயோ, வாசல்ல எங்கக்கா!

— மார்லிஸா? இந்த நேரத்துல ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கணுமே அவங்க.

— பஸ்ஸோடதான் வந்து நிக்கிறா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பேசிக்கிறேன்.

— கதவைத் தட்டணுமா, இல்ல மிஷனரி வீடு எப்பவும் தெறந்துதான் கெடக்குமா?

— வாக்கா. காப்பி போடட்டுமா?

— காப்பி கெடக்கட்டும். கெய்லி எங்கடி?

— அவளுக்கு உடம்பு...

— ஒடம்பு சரியில்ல, சரியில்லன்னு போன வாரம் பூராச் சொன்ன. நானும் நம்பிக்கிட்டு ஒங்க வாசல்ல பஸ்ஸை நிறுத்திப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனேன். இன்னைக்குப் பின்சீட்டுல ஒரு வாண்டு சொல்லுது, கெய்லி மிசௌரிக்குப் போயிட்டா, இனிமே வரமாட்டான்னு. பஸ்ல இருக்கிற அத்தனை பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. பெரியம்மாக்காரி எனக்குத் தெரியலை. பிள்ளைங்களை ஸ்கூல்ல எறக்கிட்டு நேரா வர்றேன்.

— உக்காருங்க மார்லிஸ். நாங்களே வந்து சொல்லணும்னுதான் இருந்தோம்.

— எப்ப? பிளேன் ஏறினப்புறமா?

— பாருங்க, இது எங்க இஷ்டத்துக்கு எடுத்த முடிவு இல்ல. ஜெபம் பண்ணினோம், உபவாசம் இருந்தோம். கர்த்தர் ஒரு வழி காட்டினார். மிசௌரில நல்ல விசுவாசக் குடும்பம். பெரிய பன்னிப் பண்ணை. ஏற்கெனவே பதினோரு பிள்ளைங்களை எடுத்து வளக்குறாங்க.

— பதினொண்ணா? பண்ணைக்கு ஆள் வெச்சா கூலி குடுக்கணும்னு எடுத்து வளக்குறானா?

— அப்படிப் பேசாதக்கா.

— அவங்களை ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஆனெட்தான் இணையத்துல தேடிக் கண்டுபிடிச்சா. போன்ல பேசினோம். நல்லவங்க மார்லிஸ், பேச்சுலயே தெரிஞ்சுது.

— நான் பூனைக்குட்டி குடுத்தாக்கூட, வாங்குறவன் வீட்டை எட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். நீங்க போன்ல பேசியே பொண்ணைக் குடுத்துட்டீங்க. ஏன் வெண்டெல், நாலு வயசுல அவளைத் தத்தெடுத்துத் தோள்ல தூக்கிக்கிட்டு சர்ச் மேடையில நின்னியே, ஞாபகம் இருக்கா? ஊரே எந்திரிச்சுக் கைதட்டுச்சு. அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காத நான்கூட அன்னைக்கு வந்திருந்தேன். இனி இவ எங்க மகள்னு மைக்குல சொன்னது யாரு?

— நான்தான்.

— அப்ப மகளைத் திருப்பிக் குடுக்கிறதுன்னா என்ன அர்த்தம்? அளவு சேரலைன்னு கடையில சட்டையைத் திருப்பிக் குடுக்கிற மாதிரியா?

— அவளுக்கு வலிப்பு வருது மார்லிஸ்! நாங்க போற எடத்துலேருந்து ஆஸ்பத்திரிக்கு நாள் முழுக்க மண் ரோட்டுல போகணும். வழியில ஏதாவது ஆச்சுன்னா? நீங்க ரெண்டு பேரும் வரலாம், பிள்ளை வரக்கூடாதுன்னு மிஷன் டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். நாங்க என்ன செய்ய?

— போகாம இருக்கலாம்.

— கூப்பிட்டவர் கர்த்தர். அவர்கிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்ல?

— கூப்பிட்டாரு, சரி. ஆப்பிரிக்காவுல போய் என்ன பண்ணப் போறீங்க?

— ஒரு விடுதி நடத்தப் போறோம்.

— என்ன விடுதி? வாயைத் தெறந்து முழுசாச் சொல்லு மிஷனரி ஐயா.

— தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்களுக்கு.

— கேட்டியாடி ஆனெட்? அங்க இருக்கிற பிள்ளைங்களுக்குத் தாய் தகப்பன் வேணுமாம். அதுக்காக இங்க ஒண்ணை அனாதை ஆக்கிட்டுப் போறாராம் ஒன் புருஷன். அவளைப் பாரு வெண்டெல், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா. எங்க வீட்டுலயே பூஞ்ச மனசு இவளுக்குத்தான். கோழி அறுத்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டா. அவகிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்கிட்டு, கர்த்தர் காட்டினாராம் வழி!

— அவரைத் திட்டாதக்கா. விடு.

— திட்டாம? கெய்லிகிட்ட என்னடா சொல்லிக் கூட்டிட்டுப் போன?

— முகாம்னு.

— என்ன முகாம்?

— குதிரை சவாரி முகாம்னு சொன்னோம். அது பொய் இல்லக்கா, அவங்க வீட்டுல நெசமாவே குதிரை இருக்கு.

— நீயும் கூடப் போனியா?

— எனக்குத் தலைவலி.

— நான்தான் ஓட்டிட்டுப் போனேன் மார்லிஸ். வழி பூராப் பாடிக்கிட்டே வந்தா. சின்னக் குதிரை தருவாங்களா, பெரிய குதிரை தருவாங்களான்னு கேட்டுக்கிட்டே வந்தா. அங்க எறங்கினதும் அந்தம்மா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் வண்டியை எடுக்கிறப்ப ஜன்னலுக்கு ஓடி வந்து கத்துறா, "மாத்திரை குடுக்கணும்னு அவங்ககிட்ட சொன்னீங்களாப்பா, எனக்கு ஞாபகம் இருக்காது"ன்னு. சொல்லிட்டேன்னு கையாட்டினேன். வந்துட்டேன். கொஞ்ச தூரம் வந்து வண்டியை ஓரம் கட்டிட்டு... வேண்டாம், அதை விடுங்க.

— எப்பக் கூட்டிட்டுப் போக வருவேன்னு சொன்ன?

— வெள்ளிக்கிழமை.

— எந்த வெள்ளிக்கிழமை?

— போன வெள்ளிக்கிழமை.

— இன்னைக்குத் திங்கள்டா! பையைக் கட்டி வெச்சுக்கிட்டு அன்னைக்கு ரோட்டைப் பாத்து உக்காந்திருப்பாளேடா அந்தப் பிள்ளை.

— தெரியும் மார்லிஸ். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? அன்னைக்குக் கொட்டகைக்குப் போய் உக்காந்துக்கிட்டேன். வீட்டுக்குள்ள இருக்க முடியலை.

— அழு. நல்லா அழு. என் வீடு இங்கேருந்து எவ்வளவு தூரம்? டுவேனும் நானும் ரெண்டு கெழடுங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கெடக்குறோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே!

— கேட்டோமே.

— யார் கேட்டது?

— ஆனெட்தான் கேட்டா. நீங்க முடியாதுன்னுட்டீங்க. அதுல எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல. டுவேனுக்கு முதுகு சரியில்ல, உங்களுக்கும் வயசாகுது...

— என்னை யாரும் கேக்கலை வெண்டெல்.

— ஆனெட்?

— அக்கா மறந்திருப்பா.

— மறக்கிற சங்கதியாடி இது?

— நீ உங்கக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்தியே ஆனெட். அக்கா அழுதா, ஆனா முடியாதுன்னுட்டான்னு எங்கிட்ட சொன்னியே.

— நான் அழுதேனா? எங்கப்பா டிராக்டரை ஏலம் விட்டப்ப அழுதது. அதுக்கப்புறம் எதுக்கும் அழலை. வெண்டெல், அந்த மிஷன் டாக்டர்கிட்ட நீ பேசினியா?

— இல்ல. சோளம் அறுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஆனெட்தான் பேசினா.

— நம்பர் இருக்கா?

— இருக்கு. இருங்க, இப்பவே...

— போனை வைங்க வெண்டெல்.

— ஏன்?

— வைங்கன்னா வைங்க.

— டாக்டர் என்ன சொன்னார் ஆனெட்?

— மாத்திரை ஒழுங்காக் குடுத்தாப் போதும், கூட்டிட்டு வாங்கன்னார். விடுதியிலயே ஒரு நர்ஸ் இருக்காங்களாம்.

— கூட்டிட்டு வாங்கன்னாரா?

— ஆமா.

— அடிப்பாவி! இவ்வளவு நேரமும் நான் தப்பான ஆளையா திட்டிக்கிட்டு இருந்தேன்?

— வண்டிச் சாவி எங்க? இப்பவே கெளம்பினா இருட்டுறதுக்குள்ள மிசௌரி போயிரலாம். போய்க் கூட்டிட்டு வந்துரலாம், மூணு பேருமாவே மலாவிக்குப் போவோம். பாரு ஆனெட், நீ பயந்துட்ட. புது தேசம், சீக்குப் பிள்ளை, பயத்துல வாய் தவறிப் பொய் சொல்லிட்ட. கர்த்தர் மன்னிப்பார். நானும் மன்னிச்சிட்டேன், போதுமா? சாவியை எடு.

— பயம் இல்ல வெண்டெல்.

— பின்ன?

— உங்களைக் கண்டா ஓடி வந்து கட்டிக்குவா. என்னைக் கண்டா விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி நேரா நிமிந்து உக்காந்துக்குவா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆறு வருஷமா தெனமும் காலைல எந்திரிச்சு, இன்னைக்காவது பாசம் வந்திருக்கான்னு எனக்குள்ள தேடிப் பாப்பேன். தலை வாரி விடுவேன், பால் ஊத்திக் குடுப்பேன், முத்தம் குடுப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது. ஒரு தடவை சமையக்கட்டுல வலிப்பு வந்து கெடந்தா. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இது நிக்காமப் போயிட்டா நல்லதுன்னு தோணுச்சு.

— ஆனெட்!

— தோணுச்சு, அவ்வளவுதான். அப்புறம் ஓடிப்போய்த் தூக்கினேன்.

— யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி.

— யார்கிட்டக்கா? அன்னைக்குக் கைதட்டினவங்ககிட்டயா? பிள்ளை வேணாம்னு நான் சொல்லியிருந்தா இந்த ஊர்ல ஒரு கடைக்காவது போயிருக்க முடியுமா?

— இரு ஆனெட். அது போகட்டும், அதைக் கர்த்தர் பாத்துக்குவார். ஆனா நீ சபையில எந்திரிச்சு அழுதியே, அந்தப் பிள்ளைங்க முகமெல்லாம் கண்ணுக்கு முன்னால வருது, கர்த்தர் என்னை மலாவிக்குக் கூப்பிடுறார்னு? எங்க தாத்தா காலத்து நெலம், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே வித்தேன். அதுவாவது...

— என்னை யாரும் கூப்பிடலை வெண்டெல். பெத்தவங்க இல்லாத பிள்ளையைக் கைவிட்டுட்டுப் போறவளை ஊரே கைதட்டி வழியனுப்பி வைக்கிறதுக்கு, எனக்கு இந்த ஒரு வழிதான் தெரிஞ்சுது.