எலும்பில் தங்கும் அளவு

எனக்கு நடப்பது பிடிக்காது. நான் ராயபுரத்தில் பிறந்தவன். ஆகஸ்டில் காவி உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிற சனம் எங்கள் சனம். நான் மட்டும் பேருந்தில் போவேன். ஆனால் அந்த நடையைக் கணக்குக்குப் பயன்படுத்தலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

எண்ணூர்ப் பக்கம் ஈய உருக்காலையை ஒட்டிய குப்பத்தில் எல்லோர் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. ஆலைதான் காரணமா என்று கணித மாதிரி போட்டுச் சொல்லும்படி விசாரணைக் குழு என்னைக் கேட்டது.

ஒரு டிரம்மில் பாதியளவு தண்ணீர் நிற்கிறது. மேலே எவ்வளவு விழுகிறது, கீழே எவ்வளவு ஒழுகுகிறது என்பதை மட்டத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இரத்தமும் அப்படித்தான். ஆலை நிறைய ஊட்டியிருக்கலாம். இல்லை, இவர்கள் உடம்பு மெதுவாகக் கழித்திருக்கலாம். ஆலையின் வக்கீல் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். குடிகாரச் சனம், சிறுநீரகம் கெட்டவர்கள் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. சனத்தைத் திட்டியதற்காக அல்ல. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதற்காக.

மேலே விழும் குழாயை மூடினால் ஒழுகும் வேகம் தெரிந்துவிடும். ஆலையை மூட முடியாது, ஆட்களை நகர்த்தலாம். வேளாங்கண்ணி நடை பத்துப் பன்னிரண்டு நாள், அத்தனை நாளும் ஆலைக் காற்று அவர்கள் மேல் படாது. நடை கிளம்பும் முன் ஒருமுறையும், வேளாங்கண்ணியில் ஒருமுறையும் இரத்தம் எடுத்தேன். என் பள்ளித் தோழன் சைமன்தான் குப்பத்து ஆட்களைச் சேர்த்துவிட்டான்.

“மாதாவுக்கு முடி, உனுக்கு ரத்தம். எங்களுக்கு இன்னாடா மாமு மிச்சம்?” என்று சிரித்தபடி கையை நீட்டினான்.

முடிவு வந்தது. நல்ல உடம்பில் இறங்க வேண்டிய வேகத்திலேயே ஈயம் இறங்கியிருந்தது. அவர்கள் உடம்பில் கோளாறு இல்லை. நஞ்சு முழுக்க ஆலையுடையது.

அதை நான் குழுவிடம் கொடுக்கவில்லை. இரத்தம் வழியிலேயே வெயிலில் கெட்டுவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினேன். ஆலை தொடர்ந்து ஓடியது.

யாரும் என்னை விலைக்கு வாங்கவில்லை. ஈயம் இரத்தத்தோடு நிற்பதில்லை, எலும்பில் போய்த் தங்கும். எவ்வளவு தங்கும் என்பது, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் தெரியும். மற்றவர்கள் அந்த எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டுக் கட்டுரை எழுதுகிறார்கள். சோம்பேறிகள். நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஆலை மூடினால் என் அளவீடும் நின்றுவிடும். ஒரு குப்பம் பொறுத்துக்கொண்டால் எல்லாக் குப்பத்துக்கும் சரியான எண் கிடைக்கும்.

ஆண்டுதோறும் போனேன். சிறுநீரகம் கெட்டு, சைமனின் கால்கள் வீங்கத் தொடங்கின. அவன் மனைவி ஜானட் ஒருநாள் வாசலிலேயே மறித்தாள்.

“ஆல மேல தப்பில்லன்னு எழுதிட்டியாமே?”

“தெரியவில்லை என்றுதான் எழுதினேன்.”

“தெர்லன்னா அப்பறம் இன்னாத்துக்கு வருசா வருசம் வந்து குத்திகினு கீறே?”

உள்ளேயிருந்து சைமன் அதட்டினான். “வுடு ஜானட்டு. நம்ம அருளு. நமக்குக் கெட்டது செய்வானா?”

அன்று வழக்கத்தைவிட ஒரு குழாய் இரத்தம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அவன் செத்தான். பெட்டியை மூடும் முன், ஒரு விரல் எலும்பு கிடைக்குமா என்று ஜானட்டிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் நேராகக் கலெக்டர் ஆபீசுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், மறைத்தேன். தெரிந்தேதான் மறைத்தேன். அவர்களை அந்த நஞ்சிலேயே வைத்திருந்தது நான்தான். இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் எண் கிடைத்திருக்கும். நீங்கள் அவசரப்பட்டு ஆலைக்குச் சீல் வைத்துவிட்டீர்கள். சைமனின் சாவை வீணாக்கியது நான் இல்லை, மேடம். நீங்கள்தான்.