மெக்கானிக்குக் கேட்ட சத்தம்

எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் பழைய பிக்கப் வண்டியில் தக்காளி ஏற்றுகிறவர் போலிருக்கிறது. இருவரும் சத்தமாகவே பேசினார்கள்.

"சீக்கு வண்டிக்கு. என்னைய எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற?"

"காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் டக்கு டக்குன்னு அடிக்குதுன்னு ஒரு மாசமா சொல்றேன். இல்லவே இல்லைன்னீங்க."

"பட்டறையில மெக்கானிக்கும் இல்லைன்னுதான சொன்னாரு?"

"பட்டறைக்குப் போறதுக்குள்ள இன்ஜின் சூடாகி சத்தம் நின்னுருது. அதான் இன்னைக்கு விடியக்காலம் அவரை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணுனதும் என்ன சொன்னாரு?"

"ஆயில் மேல ஏறலை, ஓட்டாதீங்கன்னாரு."

"அவருக்குக் கேட்டுச்சு. வாசல்ல நின்ன எனக்கும் கேட்டுச்சு."

"நான் வண்டிக்குள்ளதான இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன வாரம் வேடசந்தூர் ரோட்டுல ஒரு பஸ்ஸுக்காரன் மறிச்சு நின்னு, எம்புட்டு நேரமா ஹாரன் அடிக்கிறேன்னு திட்டுனான். பொய் சொல்றான்னு நெனச்சேன்."

"அதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க."