எந்த ஜெட்டா இருந்தா என்னங்க

அதுல காலு வெக்காதீங்க சார், அது பிரேக்குங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டியில எடது பக்கமும் ஒரு கிளச்சு, ஒரு பிரேக்கு இருக்குமுங்க, சொல்லிக் குடுக்கறவங்களுக்கு. நீங்க பாட்டுக்கு மிதிச்சுப்போட்டீங்கன்னா பின்னால வர்ற லாரிக்காரன் நம்ம மேலயே ஏத்தீருவான். காலைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கோங்க. ஆமாங்க, இடம் பத்தாதுதான். ஃபியட்டுல அவ்வளவுதான் இருக்கும்.

பேசலாமுங்க, பேசறதுக்குத்தான ஏறச் சொன்னேன். மெட்ராஸ் வண்டிக்கு ஒரு ஆளை ஏத்தி உடோணும், ஊட்டுல உக்காந்து பேச நேரமில்லீங்க. இந்தக் கிணத்துக்கடவுல இருந்து கோயமுத்தூர் ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்ல வந்ததச் சொல்லிப்போடுங்க.

ம்... ம்... அதாவது, நான் டில்லிக்கு வரோணும். பேப்பர்காரங்க முன்னால உக்காரோணும். ஜெப்ரி போட்டோவ மடியில வெச்சுக்கோணும். உங்க கம்பெனியோட பயிற்சி ஜெட்டு அப்பவே நம்ம ஏர்ஃபோர்ஸ்ல இருந்திருந்தா என்ற பையன் செத்திருக்க மாட்டான்னு அழுது சொல்லோணும். அதானுங்களே?

அழுவ வேண்டாமுங்களா? சரி, அழுவாம சொல்லோணும்.

போன ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு ஊட்டுக்கு வாரேன், எங்கூட்டு வாசல்ல உங்களாட்டமே ஒருத்தரு, டை கட்டிக்கிட்டு. அவரு வேற நாட்டுக் கம்பெனி. பிளாஸ்டிக்குல குட்டி ஜெட்டு ஒண்ணு கொண்டாந்திருந்தாரு, ஸ்டாண்டோட. அதக் கொண்டுபோய் எங்க வெச்சாருங்கறீங்க? ஜெப்ரி போட்டோவுக்குப் பக்கத்துல. அங்கிருந்த பூச்சாடிய நகத்திப்போட்டு வெச்சாருங்க! எடுத்துக்கிட்டு வெளிய போய்யான்னு கத்துன கத்துல பக்கத்து ஊட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அவரு உங்க ஜெட்டக் குத்தம் சொல்றாரு, நீங்க அவரு ஜெட்டக் குத்தம் சொல்றீங்க. ஜவுளிக்கடை வாசல்ல நின்னு ஆளுக்கொரு பக்கம் கையப் புடிச்சு இழுப்பாங்க பாருங்க, அந்த மாதிரி. நடுவுல என்ற பையனோட சாவு.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க.

கோவந்தானுங்க! ஏன் இருக்கக் கூடாது?

நீங்களும் ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவருன்னு சொன்னீங்க. சத்தியமங்கலத்துக்காரருன்னும் சொன்னீங்க. அப்ப நான் பேசறதும் உங்களுக்குப் புரியும், அந்த ஜெட்டும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்றது தப்பான்னு நீங்களே சொல்லுங்க. மொதல்ல ஒரு மெதுவான குட்டி விமானத்துல பழக்கறீங்க. அது பசு மாதிரின்னு சொல்லுவான் ஜெப்ரி. அதுல இருந்து எறக்கி, நேரா சண்டை ஜெட்டுல தூக்கிப் போடறீங்க. அது எறங்கற வேகத்துல அவன் முன்னால பறந்ததே இல்ல. நடுவுல பழகறதுக்கு ஒரு வேகமான பயிற்சி ஜெட்டு வேணும். அது நம்ம கிட்ட இல்ல. அம்மா, டிவிஎஸ் ஃபிப்டிய ஓட்டுனவன அப்படியே டேங்கர் லாரியில உக்கார வெச்சு மருதமலை ஏறச் சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்குதும்மான்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நான் சிரிக்கலீங்க. வண்டி பழக்கறதுதான பொழப்பே எனக்கு.

வெளிநாட்டு ஜெட்டுக வந்து பறந்து காட்டுனது, ஆபீசருங்க ஏறிப் பாத்தது, எல்லாம் அவந்தான் கதை கதையாச் சொல்லுவான். எதாச்சும் ஒண்ணு வந்துருமும்மா, அடுத்த வருசம் வந்துருமும்பான். அப்பறம் பாத்தா வெலை ஒத்துவரலீம்பாங்க. மந்திரி மாறுவாரு. மறுபடியும் மொதல்ல இருந்து. இந்தப் பயிற்சி ஜெட்டு வாங்கோணுங்கற பேச்சு ஆரம்பிச்சப்போ ஜெப்ரி எட்டாவது படிச்சுட்டு இருந்தானுங்க. அவன் பள்ளிக்கூடம் முடிச்சான், டிரெய்னிங் முடிச்சான், சண்டை ஜெட்டுல ஏறுனான், கீழ விழுந்து செத்தும் போயிட்டான். நீங்க ரெண்டு கம்பெனியும் இன்னும் ட்ரயல்லயே இருக்கறீங்க!

ஏனுங்கோ! அக்கட்ட ஓரமாப் போங்கோ, மாட்ட நடு ரோட்டுல ஓட்டிக்கிட்டு!

உங்க தப்பு இல்லீங்க, கவர்மெண்டு தப்புங்கறீங்க. இருக்கட்டும். உங்களுக்கு லேட்டானா ஒண்ணுமில்லீங்க. இந்த வருசம் இல்லீன்னா அடுத்த வருசம் விப்பீங்க. உங்க பையன் என்ன பண்றாரு? அமெரிக்காவுலயா? கம்ப்யூட்டருங்களா? நல்லா இருக்கட்டும் சாமி. வயித்தெரிச்சல்ல சொல்லலீங்க, நெசமாத்தான் சொல்றேன், நல்லா இருக்கட்டும்.

ஜெப்ரிய வெச்ச பொட்டியக் கொண்டாந்தப்போ தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கூட வந்த ஆபீசருக்கு ஜெப்ரி வயசுதான் இருக்கும். என் கையப் புடிச்சுக்கிட்டு அவரே அழுதாரு, அவர ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கப்பறம் ரொம்ப நாள் கழிச்சு விசாரணை முடிஞ்சுதுன்னாங்க. பைலட் தவறு. அவ்வளவுதானுங்க பதிலு. எறங்கறப்போ வேகத்தக் கணிக்கத் தவறிப்போட்டாராம்.

போன வருசம் எங்கிட்ட வள்ளியாத்தாள்னு ஒரு அம்மணி வண்டி பழக வந்துச்சு. தென்னந்தோப்புக்காரங்க. மூணாவது நாளே நேராக் கொண்டுபோய் எளநிக் கடையில உட்டுருச்சு. அந்தப் பையன் தாண்டிக் குதிச்சுத் தப்பிச்சான், எளநியெல்லாம் ரோட்டுல உருளுது. போலீசு வந்தாங்க. வந்து ஆரக் கேட்டாங்கங்கறீங்க? வள்ளியாத்தாளையா? ஏம்மா விமலாராணி, எல் போர்டு மாட்டுன வண்டியில பக்கத்துல உக்காந்து நீ என்ன பண்ணுனேன்னு என்னயத்தான் கேட்டாங்க. அதுதானுங்க நாயம். நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். பழகறவன் தப்புப் பண்ணத்தான் செய்வான். பழக்கறவன் என்ன பண்ணுனான்? ஜெப்ரிக்குப் பக்கத்துல ஆரு சார் உக்காந்திருந்தா? ஆகாசத்துல, அவ்வளவு வேகத்துல, ஆரு இருந்தா அவனுக்கு?

சொல்லுங்க. அந்தப் பக்கம் என்ன வேடிக்கை பாக்கறீங்க? ஆத்துப்பாலத்துல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, சாக்கடத் தண்ணிதான் போவுது.

ஜெப்ரியோட அப்பா... சின்னப்பராஜுங்க அவரு பேரு. மில்லு வேலைய உட்டுப்போட்டாரு. முன்னெல்லாம் சூலூர் ஏர்ஃபோர்ஸ் பேஸ்ல இருந்து எதாச்சும் பறந்தா வாசலுக்கு ஓடி வந்து, அண்ணாந்து பாத்துட்டு நிப்பாரு. நம்ம பையனும் இப்படித்தான்னு தெருவுல போறவங்களயெல்லாம் நிறுத்திச் சொல்லுவாரு. இப்ப சத்தம் கேட்டா உள்ள போய்க் கதவச் சாத்திக்கிறாரு. சோறு உண்டுக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருவாரு. பைலட் தவறுங்கறத மனுசனால முழுங்க முடியலீங்க. சாவக்கூட முழுங்கிட்டாரு.

உக்கடம் தாண்டியாச்சு. இனி ஸ்டேஷன் கிட்டத்தானுங்க.

நான் டில்லிக்கு வாரேன்.

ஆமாங்க, நெசமாத்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? வாரேன், போட்டோவ மடியில வெச்சுக்கிட்டு உக்காரறேன். ஆனா உங்க கம்பெனி பேரச் சொல்ல மாட்டேன். அந்த இன்னொரு கம்பெனி பேரயும் சொல்ல மாட்டேன். எந்த ஜெட்டா இருந்தா எனக்கென்னங்க? எது ஒசத்தின்னு எனக்கெப்படித் தெரியும்? இதோ பாருங்கய்யா, எதையாச்சும் ஒண்ண சீக்கிரம் வாங்கித் தொலைங்கன்னு சொல்லுவேன். அடுத்த எலெக்சன் வரைக்கும் இழுத்தீங்கன்னா டில்லியில ஒவ்வொருத்தன் ஊட்டு வாசல்லயும் வந்து உக்காருவேன்னு சொல்லுவேன். அதுக்குச் சம்மதமுன்னா டிக்கெட்டு போடுங்க. உங்க கம்பெனிக்குப் புடிக்காதுன்னா அந்த டை கட்டுனவரக் கூப்புட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் புடிக்காதுன்னா நானே ரிசர்வு பண்ணாத பெட்டியில ஏறி வந்துருவேன்.

முடிஞ்சு போனவனுக்காக ஏன் இவ்வளவு அவசரம்னு கேக்கறீங்க, இல்லீங்களா? வாயில கேக்கலீன்னாலும் மூஞ்சியில தெரியுது.

எறங்குங்க. கதவு கொஞ்சம் டைட்டா இருக்கும், தூக்கித் தள்ளுங்க.

அங்க பாருங்க, புத்தகக் கடைக்கு முன்னால. வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறவரு எங்க ஊட்டுக்காரரு. பக்கத்துல டிரங்குப் பொட்டி மேல உக்காந்திருக்கானுங்களே, முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு, அது கிளாரன்சு, என்ற சின்னவன். இப்பத்தான் ஏர்ஃபோர்ஸ் அகாடமிய முடிச்சு, நெஞ்சுல பைலட்டுக்குக் குடுக்கற விங்ஸ் பேட்ஜக் குத்திக்கிட்டு லீவுல வந்தான். ஃபைட்டர் கெடைச்சிருக்குது. அண்ணன் ஓட்டுன அதே ஜெட்டுங்க. அடுத்த மாசம் ஏறறான்.

தடுக்காம இருப்பேனுங்களா? பேசாம இருந்து பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், கன்னத்துல அறைஞ்சும் பாத்தேன். அண்ணனுக்கு ஓட்டத் தெரியலீன்னு சொல்லிப்போட்டாங்கல்லம்மா, நான் ஓட்டிக் காட்டறேன்னான். அதுக்கு மேல என்ன பேசறதுங்க நான்?

அவங்கிட்ட டில்லியப் பத்தி மூச்சு உடாதீங்க. இந்தப் பேச்சு அவன் காதுல உழக் கூடாதுன்னுதான் ரெண்டு பேத்தயும் முன்னாலயே பஸ்ஸுல அனுப்பிச்சேன். உங்க கையில இருக்கற கம்பெனி ஜெட்டுப் புத்தகத்த வண்டியிலயே வெச்சுப்போட்டு வாங்க. ஆருன்னு கேட்டா, வண்டி பழக வந்திருக்காருன்னு சொல்லிக்கறேன். வாங்க, அந்தப் பொட்டியில ஒரு பக்கம் நீங்க புடிங்க. அவிய அப்பா தூக்க மாட்டாருங்க, காலையில ஊட்டுல இருந்து எறக்கறப்பவே அதத் தொட மாட்டேன்னுட்டாரு.